சத்தமில்லாத இறக்கம்

கானுக்குள் இரண்டு பாதங்கள்

என் வீட்டுக்காரர் கானுக்குள் மல்லாந்து படுத்திருந்தார். மேலே எங்கள் வேன் நின்றது. வெளியில் தெரிந்தவை அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும்தான்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசல் ஓரமாக, மழைத் தண்ணீர் ஓடுவதற்குச் சிமெந்துக் கான் ஒன்று நீளமாகப் போகும். எங்கள் லயத்துக் கான் நல்ல ஆழம், ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். டவுன் கராஜ்களில் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கான்தான் குழி. வேனின் ஒரு பக்கச் சக்கரங்கள் கானுக்கு இந்தக் கரையிலும், மற்றப் பக்கச் சக்கரங்கள் அந்தக் கரையிலுமாக ஏற்றி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்திருந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கானைத் தேய்த்துக் கழுவி, இரண்டு உரச் சாக்குகளை விரித்துக் கொடுத்திருந்தேன். லிந்துலைப் பக்கத்து மூட்டம் உங்களுக்குத் தெரியும். மழையும் பெய்யாது, வெயிலும் அடிக்காது, துணி மட்டும் காயாது. அப்படி ஒரு நாள்.

நான் குந்தியிருந்து, எங்கள் மகள் நிரோஷாவைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் பேசினை வேனுக்கு அடியில் தள்ளினேன். வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் அதுதான். அவர் கியர்ப்பெட்டியின் அடிநட்டைக் கழற்றினார். ஒயில் விழத் தொடங்கியது.

சிவப்பாக விழ வேண்டிய ஒயில் கறுப்பாக விழுந்தது. அடுப்பில் மறந்துபோய் அடிப்பிடித்த பாலின் மணம் எழும்பியது. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடம்

வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் வந்தவளுக்கு வண்டியின் வயிற்றுக்குள் ஓடும் ஒயிலைப் பற்றி எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அன்று லயமே அதைத்தான் கேட்டது, சிரித்துக்கொண்டு.

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் நாலு வண்டி நின்றது. எல்லாம் ஆட்டோ கியர், அதாவது ஓட்டுகிறவர் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள மலையாளி டிரைவர் ஒருவர் இருந்தார். நான் துணி காயப்போடும் முற்றமும் அவர் வண்டி கழுவும் முற்றமும் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு தடவை அவர் கியர்ப்பெட்டி ஒயிலை மாற்றுவார். நான் துணியைப் பிழிந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வீட்டில் என்னை ஆளாக மதித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான், அதனால் அவர் சொன்னதெல்லாம் மனதில் நின்றுவிட்டது.

ஒயில் சிவப்பாக இருந்தால் வண்டி சுகமாக இருக்கிறது. கறுத்துக் கருகல் மணம் வந்தால் உள்ளே தேய்கிறது. பழையதை வடித்து, கீழ்த்தட்டைக் கழற்றி, பில்டரை மாற்றி, தட்டில் இருக்கும் காந்தத்தைத் துடைத்து, புது ஒயிலை ஊற்ற வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒரு தடவை போட்டெடுத்து, சமதரையில் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொல்வார். எஞ்சின் ஓடினால்தான் அந்த ஒயில் சுற்றும். எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிட்டால் சக்கரம் சுற்றும், ஒயில் சுற்றாது. உள்ளே இரும்பும் இரும்பும் வெறுமனே உரசும். அப்படி உருட்டுவது வண்டியைக் கொல்வதற்குச் சமம் என்பார்.

நான்கு வருடம் கழித்து ஊருக்கு வந்தேன். அந்த உழைப்பில்தான் வேன் வந்தது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலில் வந்த ஆட்டோ கியர் வேன். தலவாக்கலையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் ஆறு பேரைக் காலையில் மேல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போய், பள்ளிக்கூடம் விட்டதும் இறக்கிவிடும் ஓட்டம் அமைந்தது.

அந்த ஓட்டம் நிலைத்தால் நான் மறுபடி போக வேண்டாம். நின்றால் போக வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தினமும் சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் நிரோஷா என் முகத்தைத்தான் பார்ப்பாள்.

முட்டைக்கோசு லொறி

இந்த இடத்தில் என் கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் என்று பின்னால் தெரியும்.

எனக்கு ஊர் ராகலை. அவர் ராகலையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டினார். லொறிக் கருப்பையா என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் என்னை லிந்துலைக்குக் கூட்டிவந்ததும் அந்த லொறியில்தான். பின்னால் முட்டைக்கோசு, முன்னால் நான். பட்டுச் சேலையில் டீசல் மணம்.

ஒரு நீள இறக்கம் வந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். எனக்குத் திக்கென்றது. லொறி சத்தமே இல்லாமல் கீழே போனது. தேயிலைக்கு நடுவே யாரோ கூப்பிடுவது கேட்டது. எங்கேயோ தண்ணீர் விழுவது கேட்டது. என் வளையல் ஒன்றோடொன்று தட்டுவதுகூடக் கேட்டது.

பயமா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். லொறிக்காரர்கள் எல்லாரும் டீசல் மிச்சம் பிடிக்க இப்படித்தான் செய்வார்கள் என்றும், இறம்பொடை மாதிரி வளைவுகளில் மட்டும் செய்வதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். பார்த்துப் பேசி முடித்த கலியாணம்தான் எங்களுடையது. ஆனால் அவர்மேல் எனக்கு ஆசை வந்தது அந்த இறக்கத்தில்தான். இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால்தான் வேன் வாங்கிய அன்றே, முதல் வேலையாக, அந்த மலையாளி சொன்னதை அவரிடம் சொன்னேன். லொறியில் செய்ததை இந்த வண்டியில் செய்யக் கூடாது, செத்துப்போகும் என்றேன். சரி என்று தலையாட்டினார். நான் கூடப் போன நாட்களில் ஒருபோதும் எஞ்சினை நிறுத்தியதில்லை. நான் நம்பினேன்.

ஒரு வருடம் போவதற்குள் வேன் ஏற்றத்தில் தயங்க ஆரம்பித்தது. அளவுக் கம்பியை இழுத்து மோந்து பார்த்தேன். கருகல் மணம். ஒயிலை மாற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஓடுகிற வண்டியில் கை வைக்க வேண்டாம் என்று அவர் இரண்டு வாரம் தட்டிக்கழித்தார். நான் விடவில்லை. கடைசியில் பழைய லொறிச் சிநேகிதர் ஒருவர் மூலம் கொழும்பிலிருந்து ஒயிலும் பில்டரும் வந்து சேர்ந்தன.

காந்தத்தில் ஒட்டியிருந்தது

மறுபடி கானுக்கு வருகிறேன்.

ஒயில் வடிந்து முடிந்ததும் கீழ்த்தட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் தந்தார். நான் அவற்றை ஒரு பால்மா டின்னில் போட்டேன். தட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. திருப்புளியால் தட்டித் தட்டி எடுத்தார். மிச்ச ஒயில் அவர் நெஞ்சில் கொட்டியது.

தட்டை வெளியே நீட்டினார். அதன் மூலையில் ரொட்டித் துண்டளவு காந்தம் ஒன்று இருந்தது. குவைத்தில் அந்தக் காந்தத்தில் மெல்லிய சாம்பல்தான் படிந்திருக்கும், விரலால் துடைத்தால் போய்விடும். இதில் கறுப்பு முடி முளைத்த மாதிரி இரும்புத் தூள் கற்றை கற்றையாக நின்றது. நடுநடுவே மினுமினுவென்று துண்டுகளும் இருந்தன. பழைய பில்டரும் சேறு பிடித்து அடைபட்டுக் கிடந்தது.

நான் கானுக்குள் குனிந்து கேட்டேன்.

"ஏங்க, எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டுனீங்களா?"

அவர் தட்டை என் கையிலிருந்து திரும்ப வாங்கி, காந்தத்தை இடுப்புச் சாரத்து நுனியால் அழுத்தித் துடைத்தார்.

"இல்ல," என்றார். "பழைய வண்டிதானே தெய்வானை, ஜப்பான்லயே தேஞ்சிருக்கும்."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, வேன் மறைத்திருந்தது. தெரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும்.

புது பில்டரைப் பூட்டினார். தட்டைக் கழுவிப் பூட்டினார். நான் எஞ்சின் பக்கம் போய், அளவுக் கம்பி இறங்கும் குழாயில் புனல் வைத்து ஒயிலை ஊற்றினேன். ஆரத்தித் தட்டில் கரைக்கும் குங்குமத் தண்ணீர் நிறத்தில் இறங்கியது. பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருந்தது.

மூன்று சுற்று

அளவு பார்க்கச் சமதரை வேண்டும். எங்கள் தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவது? வீடு சரிவில், கோயில் சரிவில், செத்தால் புதைக்கும் இடமும் சரிவில். ஒரே சமதரை பெரட்டுக்களம். தினமும் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை வெறுமையாகக் கிடந்தது. வேனை அங்கே கொண்டுபோனோம்.

எஞ்சின் ஓட, அவர் பிரேக்கை மிதித்து எல்லாக் கியரையும் போட்டெடுத்தார். நான் கம்பியை இழுத்து, துடைத்து, விட்டு, மறுபடி இழுத்தேன். அளவு சரியாக இருந்தது. ஒயில் சிவப்பாக இருந்தது.

ஏறு என்றார். ஏறி உட்கார்ந்தேன். பெரட்டுக்களத்தை மூன்று தடவை சுற்றினார். குவைத்துக்குப் போகும் முன் நான் கொழுந்து பறிக்கப் பேர் கொடுத்து நின்ற இடம், கூடையோடு நின்ற இடம், எல்லாவற்றையும் சுற்றிச் சொந்த வண்டியில் வந்தேன். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மட்டும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை

மறுநாள் காலை ஆசிரியைகளோடு பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் பாதி வழி போனதும் எஞ்சின் கத்தியது, வேன் நகரவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் சரிய ஆரம்பித்தது. பிரேக் பிடித்து, கல் வைத்து நிறுத்தினார். ஆறு பேரும் தூறலில் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிச்ச மலையை நடந்து ஏறினார்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு கராஜ் மெக்கானிக் பாஸ் வந்தார். வயதான சிங்கள மனிதர். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, யார் ஒயிலை மாற்றச் சொன்னது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் என்றேன். உள்ளே தேய்ந்துபோன வண்டிக்குப் பழைய ஒயிலின் அழுக்குத்தான் பிடிமானம், அதை எடுத்திருக்கக் கூடாது, அப்படியே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இழுத்திருக்கும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உள்ளே ஏன் தேய்ந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். லயம் முழுக்கக் கதை பரவியது. நல்லா ஓடிய வண்டியைக் குவைத்துக்காரி ஒயில் மாத்திக் கெடுத்துப்போட்டாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனால் பேச்சு நிற்கும். சிரிப்பு மட்டும் மிச்சமிருக்கும். கைதட்டிய அதே பெண்கள்தான்.

ஆசிரியைகள் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் வேனுக்குக் கியர்ப்பெட்டி கிடைக்கவில்லை. சீட், கதவு, எஞ்சின் என்று துண்டு துண்டாகப் போனது. பின்னால் இருந்த நீளச் சீட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சுவர் ஓரமாகப் போட்டோம்.

மூன்று மாதத்தில் நான் மறுபடி விமானம் ஏறினேன். என் கையால் என் குடும்பத்தைக் கெடுத்தேன் என்ற நினைப்பையும் கூடவே கொண்டுபோனேன். யாருடைய வீட்டிலோ பாத்திரம் கழுவும்போதும் அது வரும். இரண்டு வருடம் என்று போனவள், நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போய், ஏழு வருடம் கழித்துத்தான் ஊரோடு வந்தேன். என் மகள் பெரிய மனுஷியானதைப் போட்டோவில்தான் பார்த்தேன். அதில் அவளுக்குப் பக்கத்தில் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்துக் காம்பராக்காரி நின்றாள்.

வந்த புதிதில் ஏதோ ஒரு சின்னச் சண்டையில் நிரோஷா சொன்னாள்: "நீங்கதானே வேனக் கெடுத்தீங்க. அதனாலதானே போனீங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் ஒரு டீச்சர்

அதே வருடம். அம்மாவைப் பார்க்க ராகலைக்குப் போக நுவரெலியாவில் பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு பெண் என்னை உற்று உற்றுப் பார்த்தார். எங்கள் வேனில் போன ஆசிரியைகளில் ஒருவர், பரமேஸ்வரி டீச்சர். தலைமயிர் நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார்.

"நீங்கள் கருப்பையாவின்ரை மனுசியெல்லே?" என்றார். சுகம் விசாரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உங்கடை அவர் நல்ல மனுசன். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை, கோயில் திருப்பம் கழிஞ்ச உடனை எஞ்சினை நிப்பாட்டிப்போடுவார். கீழை பாலம் வரைக்கும் வான் ஒரு சத்தமுமில்லாமல் இறங்கும். நாங்கள் ஷெல் சத்தத்துக்கை இருந்து வந்தனாங்கள். அந்த அஞ்சு நிமிசத்துக்காகவே நான் பின்னேரம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

தினமுமா என்று கேட்டேன். ஓம், ஒவ்வொரு நாளும் என்றார்.

அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தமில்லாத இறக்கத்தை எனக்குத் தெரியும். அதில் என் வளையல் சத்தம் கேட்டதும் தெரியும். அதனாலேயே நெஞ்சு இரண்டு மடங்கு எரிந்தது. ராகலையில் இறங்கி, அம்மா வீட்டுக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

பின் சீட்டு

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். அவர் வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் ரேடியோவை நிறுத்திவிட்டு மறுமுனையில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் யாரைப் பார்த்தேன், டீச்சர் என்ன சொன்னார் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் காது சிவந்துவிட்டது.

நிறுத்திய ரேடியோவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டீசல் மிச்சமாச்சு. நீ திரும்பப் போகாம இருக்கணும்னா எங்கயாச்சும் மிச்சம் பிடிக்கணும்ல. அதுக்குத்தான் செஞ்சேன்."

அது பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அவர் தினமும் செய்த காரியம்தான் என்னை வீட்டைவிட்டு அனுப்பியது.

"அன்னைக்கிக் கானுக்குள்ள குனிஞ்சு கேட்டேனே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைய வெறுத்துக்கிட்டுல்ல பிளேன் ஏறியிருப்ப."

"ஏழு வருசம் என்னையவே வெறுத்துக்கிட்டு இருந்தேங்க," என்றேன்.

அடுப்படி வாசலில் நிரோஷா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "அப்போ அம்மா போயிருக்கவே வேணாமா?" என்று கேட்டாள். எங்களில் யாரைக் கேட்டாள் என்றும் தெரியாது.

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். இரண்டு டம்ளர்தான் கொண்டுவந்தாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடத்தில், என்னை ஒட்டி உட்கார்ந்தாள். நான் ஊரோடு வந்த பிறகு அவள் என்னை ஒட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் வெறுங்கையோடு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. சுடச்சுட முழுவதையும் குடித்தேன்.

அதன் பிறகும் சில வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், பேசினோம், சிரித்தும் இருக்கிறோம். ஒயிலைப் பற்றி மட்டும் பேசவில்லை. மன்னித்தேனா என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம், எனக்கே தெரியாது. அவர் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. அந்தச் சீட்டு இன்னும் சுவர் ஓரமாகத்தான் கிடக்கிறது. சாயங்காலத் தேத்தண்ணியோடு அதில் உட்காரும்போதெல்லாம், அன்றைக்குப் பாதி டம்ளரையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.